ஏர்கன் குறி தப்பும்போது செய்யக்கூடாதவை

பத்து மீட்டரில் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிக்கொண்டிருந்த அடிகள், ஒரே வாரத்தில் டீ டம்ளர் வாயளவுக்குச் சிதறத் தொடங்கும். உடனே பலர் துப்பாக்கியைக் கழற்றிப் பார்க்க உட்கார்ந்துவிடுகிறார்கள். பேரலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் ஏர்கன்னில் கோளாறு பெரும்பாலும் வெளியில்தான் இருக்கும்: பெல்லட்டில், எண்ணெயில், தளர்ந்த ஸ்க்ரூவில், ஸ்கோப்பில், பிடிக்கும் விதத்தில். இவையெல்லாம் சரியா என்று பார்க்காமல் உள்ளே கைவைத்தால், நன்றாக இருந்த ஸ்பிரிங்கும், பிஸ்டன் முனையில் காற்று தப்பாமல் அடைக்கும் வாஷரும் புதிய கோளாறாக மாறும்.

உள்ளே நடப்பது தெரிந்திருந்தால் பாதித் தவறுகள் தாமாகவே நின்றுவிடும். பேரலை மடக்கும்போது கனமான ஸ்பிரிங் ஒன்று அமுங்கி, பிஸ்டன் பின்னால் போய்க் கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. விசையை இழுத்ததும் பிஸ்டன் முன்னால் பாய்ந்து, சிலிண்டரில் இருக்கும் காற்றை நொடியின் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் நசுக்குகிறது. அந்த அழுத்தம்தான் பெல்லட்டைத் தள்ளுகிறது. பெல்லட் சற்றே எதிர்த்து நிற்பதால் பிஸ்டனுக்கும் சிலிண்டரின் முன்சுவருக்கும் நடுவே காற்று மெத்தை போல நிற்கும். பிஸ்டன் அந்த மெத்தையில் மோதித்தான் நிற்க வேண்டும், இரும்பில் அல்ல.

ஆகவே பெல்லட் இல்லாமல் 'சும்மா ஒரு தடவை' விசையை இழுப்பது இந்த வகைத் துப்பாக்கிக்குச் செய்யும் பெரிய கெடுதல். காற்று எதிர்ப்பில்லாமல் ஓடிவிட, பிஸ்டன் நேராகச் சுவரில் இடிக்கும். வாஷர் பிளக்கும், ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று விரிசல் விடும். கடையில் வாங்கும்போது பலர் கையிலெடுத்துச் செய்து பார்ப்பதும் இதைத்தான். மிக லேசான பெல்லட்டும், பேரலுக்குள் தொளதொளவென்று விழும் பெல்லட்டும் இதே கெடுதலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கின்றன. 0.177 அளவுக்கு, அதாவது 4.5 மி.மீ. துளைக்கு, நடுத்தர வலுவுள்ள ஸ்பிரிங் துப்பாக்கியில் 7 முதல் 8.5 கிரெய்ன் வரை எடையுள்ள ஈயப் பெல்லட் பொருந்தும். கிராமில் சொன்னால் சுமார் 0.45 முதல் 0.55 வரை. 10 கிரெய்னுக்கு மேல் போனால் வேகம் குறைந்து, பிஸ்டன் அடித்துத் திரும்பித் துள்ளும். எஃகு உருண்டைகளை வரிப்பள்ளம் உள்ள பேரலில் போடவே கூடாது. அவை பள்ளத்தைத் தேய்க்கும், கடினமான பரப்பில் பட்டால் சுட்டவரின் முகத்துக்கே திரும்பி வரும். ஒருமுறை சுட்ட பெல்லட்டைப் பொறுக்கி மறுபடி போடுவதும் வீண். அதன் பாவாடை, அதாவது பின்பக்கத்து மெல்லிய ஓரம், நசுங்கியிருக்கும், அது காற்றைப் பிடித்து நிறுத்தாது.

புதுப் பெட்டியிலும் நசுங்கியவை கிடக்கும். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உருட்டிப் பாருங்கள். சீராக வட்டம் போடாமல் தள்ளாடுபவற்றை ஒதுக்குங்கள். தலையின் விட்டம் 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் அதையும் கவனியுங்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு அளவுகள் ஒரே துப்பாக்கியில் முற்றிலும் வேறு விதமாக அடிக்கும். பெல்லட்டை மாற்றியதும் முதல் இருபது அடிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், புது ஈயம் பேரலில் படிந்து நிலைக்க அவ்வளவு வேண்டும். மூன்று அடியை வைத்து முடிவுக்கு வருவதும் பெரிய ஏமாற்று. பத்து அடி அடித்தால்தான் சிதறல் உண்மையைச் சொல்லும்.

அடுத்தது எண்ணெய். ஏர்கன்கள் அதிகம் கெடுவது இங்கேதான். துப்பாக்கி மந்தமாகிவிட்டது என்று தோன்றினால், தையல் மெஷின் எண்ணெயையோ டபிள்யூடி-40ஐயோ பேரலின் பின்பக்கக் காற்றுத்துளை வழியாகச் சொட்டுவார்கள். அடுத்த அடி 'டமார்' என்று வெடிக்கும், புகை வரும், பெல்லட் வழக்கத்தைவிட வேகமாகப் போகும். துப்பாக்கிக்கு உயிர் வந்துவிட்டது என்று நினைப்பார்கள். நடந்தது வேறு: நசுங்கிய காற்று பல நூறு டிகிரி வரை சூடாகி, அந்த எண்ணெய்ப் பசையைத் தீப்பற்ற வைத்திருக்கிறது. டீசல் எஞ்சினில் நடப்பதும் இதுவே, அதனால் இதற்கு டீசலிங் என்று பெயர். அந்த வெடிப்பின் அழுத்தம் பிஸ்டனைப் பின்னுக்கு உதைக்கும், ஸ்பிரிங்கை முறிக்கும், செயற்கை வாஷரைக் கருக்கும். ஒவ்வொரு வெடிப்பும் வேறு வேறு வேகத்தில் பெல்லட்டைத் தள்ளுவதால் அடிகள் மேலும் கீழும் விழும்.

பெட்டியிலிருந்து எடுத்த புதுத் துப்பாக்கியில் முதல் சில அடிகளுக்கு லேசான புகை வந்தால் பயப்படத் தேவையில்லை. தொழிற்சாலை கிரீஸ் எரிந்து அடங்கிவிடும். அதன் வேகமும் சிதறலும் நிலைக்க 300 முதல் 500 அடிகள் ஆகலாம், ஆகவே முதல் நாளே பழி சுமத்த வேண்டாம். ஆனால் வாரங்கள் கடந்தும் வெடிச் சத்தமும் கருகிய நாற்றமும் தொடர்ந்தால் சுடுவதை நிறுத்திவிடுங்கள், உள்ளே எண்ணெய் அதிகமாகியிருக்கிறது.

எதை எங்கே போடுவது என்பதைக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும். பேரல் மடங்கும் கீலுக்கும் பூட்டுக்கும் ஊசிமுனையளவு மாலிப்டினம் கிரீஸ். செயற்கை வாஷர் உள்ள துப்பாக்கியின் காற்றறைக்குச் சாதாரணமாக எதுவும் வேண்டாம். பழைய தோல் வாஷர் துப்பாக்கிகள் மட்டும் விதிவிலக்கு: தோல் காய்ந்து சுருங்கினால் காற்று தப்பும், அதற்கு இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் விட்டு, துப்பாக்கியை நிமிர்த்தி ஓர் இரவு வைப்பது வழக்கம். சிலிக்கோன் எண்ணெய் எளிதில் தீப்பற்றாது என்பது சரி, ஆனால் இரும்போடு இரும்பு உராயும் ஸ்பிரிங்குக்கு அது மசகாக உதவாது. நம் வீடுகளில் எதற்கெடுத்தாலும் தேங்காய் எண்ணெய்தான். அது 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையும், நாள்பட்டால் பிசின் போல ஒட்டும். துப்பாக்கியின் எந்தப் பாகத்துக்கும் அது ஆகாது.

எண்ணெயிலும் பெல்லட்டிலும் குற்றம் இல்லையென்றால் ஸ்க்ரூக்களைப் பாருங்கள். ஸ்பிரிங் துப்பாக்கி முதலில் பின்னுக்கு உதைத்து, பிஸ்டன் நிற்கும்போது மறுபடி முன்னுக்கு உதைக்கும். இந்த இரட்டை உதை மரக்கட்டையின் முன்புற ஸ்க்ரூக்களையும் விசைக்காப்பின் ஸ்க்ரூவையும் மெல்ல மெல்லத் தளர்த்திவிடும். நூறு அடிக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்தால் போதும். அழுத்தி முறுக்கினால் மரம் நசுங்கி, அடுத்த முறை இன்னும் சீக்கிரம் தளரும். மரையின் எண்ணெயைத் துடைத்துவிட்டு நீல நிற மரைப்பசையை ஒரு சொட்டு வைத்தால் நிற்கும். சிவப்புப் பசை வேண்டாம், அதைக் கழற்றச் சூடாக்க வேண்டி வரும்.

ஸ்கோப்பை உடைப்பதும் இதே இரட்டை உதைதான். பெரிய வெடிமருந்துத் துப்பாக்கிக்குத் தாங்கும் ஸ்கோப் ஏர்கன்னுக்கும் தாங்கும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் தவறு. அவை பின்பக்க உதைக்கு மட்டும் கட்டப்பட்டவை. முன்னுக்கு வரும் உதையில் உள்ளே கண்ணாடி தளரும். ஏர்கன்னுக்கென்றே செய்ததை, பின்னால் நகராமல் தடுக்கும் ஊசி உள்ள மவுண்டோடு (துப்பாக்கியின் மேல் ஸ்கோப்பைப் பிடித்து நிறுத்தும் பிடியோடு) போடுங்கள். குவியத்தை 10 மீட்டருக்குக் கொண்டுவர முடிகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். 100 கஜத்துக்கு நிலைநிறுத்திய ஸ்கோப்பில், 10 மீட்டரில் கண் சற்று நகர்ந்தாலும் குறி நகர்வது போலத் தெரியும். இன்னொன்று: மடங்கும் பேரல்கள் பல, ஸ்கோப் பார்க்கும் கோட்டைவிடச் சற்றுக் கீழ்நோக்கியே இருக்கும். அதைச் சரிக்கட்ட உயரத் திருகை கடைசிவரை திருகினால், உள்ளிருக்கும் சிறு ஸ்பிரிங் பிடிமானம் இழந்து குறி அலையும். சாய்வுள்ள மவுண்ட் போட்டு, திருகை நடுவாக்கில் வைப்பதே சரியான வழி.

ஸ்கோப்பா, பேரல் பூட்டா என்று சந்தேகம் வந்தால் எளிய சோதனை உண்டு. முன்குறி, பின்குறி இரண்டும் பேரலின் மேலேயே உள்ள துப்பாக்கி என்றால், ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு அவற்றால் பத்து அடி அடியுங்கள். நெருக்கமாக விழுந்தால் பேரலும் பெல்லட்டும் நலம். குற்றம் ஸ்கோப்பிலோ மவுண்டிலோ இருக்கும், அல்லது பேரல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் மூடாமல் இருக்கும். இந்த இரண்டாவது கோளாறை பேரலின் மேலுள்ள குறிகள் மறைத்துவிடும், அவையும் அதனோடு சேர்ந்தே நகர்வதால். பேரலைப் படாரென்று தட்டி மூடுகிறவர்கள் பூட்டைத் தேய்த்துத் தாமே இந்த நிலைக்குக் கொண்டுவருகிறார்கள்.

பேரல் மூடும் இடத்தில் காற்றை அடைக்கும் சிறு வளையமான ஓ-ரிங் தேய்ந்தாலும் வேகம் விழும். கண்டுபிடிக்க, டிஷ்யூ காகிதத்தில் மெல்லிய கீற்று ஒன்றைக் கிழித்து, மூடிய இணைப்பின் மேல் ஓரத்தை மட்டும் ஒட்டி, பெல்லட் போட்டு, குண்டைத் தாங்கும் தடுப்பை நோக்கிச் சுடுங்கள். கீற்று துடித்தால் காற்று தப்புகிறது. நல்ல ஓ-ரிங் உலோகப் பரப்புக்கு மேல் 0.1 முதல் 0.25 மி.மீ. வரை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். புதியது சில ரூபாய் வேலைதான், இதற்குத் துப்பாக்கியைப் பிரிக்கவே வேண்டாம்.

பிடிப்பு பற்றி ஒரு வார்த்தை. நடுங்காமல் இருக்க வேண்டுமென்று முன்கட்டையை இறுக்கிப் பிடிப்பவர்களுக்கும், மேசையின் விளிம்பில் நேராகத் துப்பாக்கியை வைப்பவர்களுக்கும் அடிகள் சிதறும். பெல்லட் பேரலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி உதைக்கத் தொடங்கிவிடுகிறது. அந்த உதை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடந்தால்தான் பெல்லட் ஒரே இடத்தில் விழும். திறந்த உள்ளங்கையில், எப்போதும் ஒரே இடத்தில், தன்போக்கில் அசைய விட்டுத் தாங்குங்கள்.

பேரலைச் சுத்தம் செய்யும் ஆர்வமும் கெடுதல் செய்யும். ஏர்கன்னில் வெடிமருந்துக் கரி கிடையாது; அடிகள் சிதறத் தொடங்கும்வரை உள்ளே தொடாமலிருப்பதே நல்லது. தேவைப்பட்டால் தூண்டில் நரம்பில் சிறு துணியைக் கட்டி, பின்பக்கமிருந்து முன்னோக்கி இழுங்கள். இரும்புக் கம்பியை முகப்பு வழியாக நுழைத்தால் வாயோரம் கீறும், பெல்லட் கடைசியாகத் தொடும் இடம் அதுதான். பஞ்சுக் குச்சியை அந்த ஓரத்தில் சுற்றித் தேய்த்துப் பார்த்தால் கீறல் தெரிந்துவிடும், அது இருக்கும் இடத்தில் பஞ்சிழை சிக்கும்.

இத்தனையும் பார்த்த பிறகும் வேகம் தேறவில்லையா? அப்போதுதான் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். மடக்கும்போது கரகரவென்று உராய்ந்தால், சுட்டதும் கம்பி அதிர்வது போல நீண்ட ஓசை வந்தால், ஸ்பிரிங் முறிந்தோ வளைந்தோ இருக்கலாம். வேகம் அளக்கும் கருவி இருந்தால் பத்து அடிகளுக்கு நடுவே எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். நொடிக்கு 3 முதல் 5 மீட்டருக்குள் என்றால் உள்பாகங்கள் நலம். எல்லா அடியும் ஒரே சீராகக் குறைந்திருந்தால் ஸ்பிரிங் களைத்திருக்கிறது. தாறுமாறாக இருந்தால் வாஷர். ஏற்றிய நிலையில் மணிக்கணக்கில் சுவரில் சாத்தி வைப்பது ஸ்பிரிங்கைக் களைக்க வைக்கும், ஆபத்தும்கூட.

ஸ்பிரிங்கை மாற்றும் வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். ஏற்றாத துப்பாக்கிக்குள்ளும் அந்த ஸ்பிரிங் பல சென்டிமீட்டர் அமுங்கியே இருக்கும். அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல் பின்மூடியைக் கழற்றினால் அது முகத்தை நோக்கிப் பாயும். கூடுதல் வலுவுள்ள ஸ்பிரிங் போடச் சொல்பவர்களுக்கு இன்னொரு காரணமும் சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி பெல்லட்டின் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டும் ஏர்கன்னுக்கு உரிமம் தேவை. பத்து மீட்டர் காகிதக் குறிக்கு 8 ஜூல் ஆற்றலே தாராளம்.

விசையை மென்மையாக்குகிறேன் என்று கொக்கியின் ஸ்க்ரூவைத் திருகுவது எல்லாவற்றிலும் மோசம். கொக்கி மாட்டும் இடம் மயிரிழையாகிவிட்டால், பேரலை மூடும் அதிர்விலேயே சுட்டுவிடும். பேரல் திறந்திருக்கும்போது கொக்கி விலகினால் அது அறைந்து மூடிக்கொள்ளும்: பேரல் வளையும், மரக்கட்டை பிளக்கும், பெல்லட் வைக்கும் விரல் நடுவே இருந்தால் அது போய்விடும். எனவே எந்தத் துப்பாக்கியானாலும் பெல்லட் வைத்து மூடும்வரை ஒரு கை பேரலை விடக்கூடாது. மடக்கிய பிறகும் கொக்கி மாட்டாமல் நழுவுகிறதென்றால், திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்க்காதீர்கள். பேரலை விடாமல் பிடித்தபடியே மெதுவாகப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, அப்படியே மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.