எழும்பி நின்றதும் விழும் பிரஷர்: ஆய்வுக்கு அளக்கிறவர்கள் விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்துக் கிளினிக்குகளில் ஆய்வுக்குத் தரவு சேர்க்க ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். கெட்டிக்காரர்கள்தான். பொருந்தாத கைப்பட்டி, பட்டறி இறங்கிய கருவி, சட்டைக் கைக்கு மேலால் கட்டுவது போன்றவற்றை முதல் கிழமையிலேயே யாராவது திருத்திவிடுவார்கள், அதற்கு நான் தேவையில்லை. ஒருவர் கண்ணிலும் படாமல் கடைசிக் கட்டுரை வரைக்கும் போய்ச் சேரும் பிழைகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எழும்பி நின்றதும் பிரஷர் விழும் இந்த நோய்க்குறியின் வரைவிலக்கணம் எல்லாருக்கும் பாடம். 1996இல் வகுத்து 2011இல் புதுப்பித்தது. நின்று 3 நிமிடத்துக்குள் மேல் அமுக்கம் குறைந்தது 20 மி.மீ. இரசம், அல்லது கீழ் அமுக்கம் குறைந்தது 10 விழவேண்டும், விழுந்தது உடனே மீளாமலும் இருக்கவேண்டும். நாம் எழும்பும்போது அரை லீற்றருக்கும் மேலான இரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. கழுத்து நாடியிலும் பெருநாடி வளைவிலும் இருக்கும் அமுக்க உணரிகள் அதை உடனே அறிந்து, குழாய்களை இறுக்கி, இதயத்தை விரைவாக்கிச் சமாளிக்கும். சமாளிக்க முடியாத ஆட்களைத்தான் நாங்கள் தேடுகிறோம். தேடிப்போய், கண்ட பிறகு அவர்களையே தொலைத்துவிட்டு வருவதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்காத பிழை.

நிற்க முடியாதவரின் கட்டத்தை வெறுமையாக விடுவது

ஒரு கிளினிக்கில் பார்த்தது. எழுபது வயது மதிக்கத்தக்க ஐயா ஒருவர், நெடுங்கால நீரிழிவுக்காரர். படுத்திருக்க 142/80. எழும்பி நின்று ஒரு நிமிடத்தில் 112/68. அளந்த தம்பி அதை ஒழுங்காக எழுதிக்கொண்டார். இரண்டாவது நிமிடம் முடியமுன்னமே ஐயாவின் கை கட்டில் விளிம்பைத் தேடியது.

"தம்பி, கிறுதியாக் கிடக்கு. கண்ணும் இருட்டுது."

"இருங்கோ ஐயா, இருங்கோ."

இருத்தியதில் ஒரு பிழையும் இல்லை, இருத்தத்தான் வேண்டும். அதற்குப் பிறகு நடந்ததுதான் வயிற்றெரிச்சல். ஐயா தேறும் வரைக்கும் இருந்து, திரும்ப எழுப்பி, நின்ற கையோடு ஒரு அளவு எடுத்து, அதை 3 நிமிடக் கட்டத்தில் 134/78 என்று போட்டுவிட்டார். ஆய்வு 3 நிமிட அளவைக் கொண்டு தீர்மானிப்பதால், கிறுதி வந்து இருந்த மனிதர் "வீழ்ச்சி இல்லை" என்று பதிவானார். பக்கத்து மேசைப் பிள்ளை அந்தளவுக்குக் கூடப் போகவில்லை. அவரிடம் வந்த அம்மாவால் நிற்க முடியாமல் போனதும் கட்டத்தை வெறுமையாக விட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்.

கணக்குப் பார்க்கிறவருக்கு வெற்றுக்கட்டம் வெறும் வெற்றுக்கட்டம்தான். மென்பொருளும் அந்த வரிசையைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டுப் போகும். ஒரு கணக்குக்கு 100 பேரை எடுங்கள். 15 பேருக்கு அமுக்கம் விழுந்ததாகப் பதிவு, 7 பேர் கிறுதியால் 3 நிமிடம் நிற்கவில்லை, கட்டம் வெறுமை. 93 பேரில் 15 என்றால் 16 சதவீதம். அந்த ஏழு பேருக்கும் விழுந்துதான் இருக்கிறது என்றால் உண்மை 22 சதவீதம். தொலைந்தவர்கள் சும்மா ஏழு பேர் இல்லை, இருப்பவர்களுக்குள் ஆக மோசமானவர்கள்.

மருந்துச் சோதனையில் இது இன்னும் கேடு. மருந்து வேலை செய்தால் மருந்துக் குழுவில் எல்லாரும் 3 நிமிடம் நிற்பார்கள். மருந்தில்லாத வெறும் குளிசைக் குழுவில் நிற்க முடியாதவர்கள் இருந்துவிடுவார்கள், அவர்களின் அளவு தாளில் இராது. எஞ்சியவர்களை மட்டும் ஒப்பிட்டால் இரண்டு குழுவும் ஒரேமாதிரித் தெரியும், நல்ல மருந்து உதவாத மருந்தாகும்.

முந்தி விழுகிறவர்களைத் தொலைக்கக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் நடுத்தர வயதினர் 11,000க்கும் மேற்பட்டோரின் ஏரிக் ஆய்வுத் தரவை அலசி 2017இல் வெளிவந்த கட்டுரை, நின்று ஒரு நிமிடத்துக்குள் எடுத்த அளவுகள்தான் தலைச்சுற்றோடும் பின்னாளில் விழுந்தெழும்புவதோடும் கூடத் தொடர்புபட்டவை என்று காட்டியது. மூன்றாம் நிமிடத்துக்குக் காத்திருந்து முதல் நிமிடத்தை எறிவது, நெல்லை விட்டுப் பதரை அள்ளும் வேலை.

செய்யவேண்டியது பெரிய வித்தை இல்லை. பின்னால் ஒரு கதிரை, பக்கத்தில் இன்னொரு ஆள். கிறுதி என்று வாய் திறந்ததும், பிடித்துக்கொண்டு நிற்கக்கூடிய ஆளென்றால் பொத்தானை அமத்துங்கள். முடியாதென்றால் அளவை மறந்து இருத்துங்கள். பிறகு தாளில் மூன்று விடயம் எழுதுங்கள்: கடைசியாக நின்றபடி எடுத்த அளவு, எத்தனை வினாடி நின்றார், ஏன் நிறுத்தினோம். இந்தக் "ஏன்" முக்கியம். எங்கட ஊர் அம்மாமார் பலர் முழங்கால் நோவுக்காக இருப்பார்கள், சிலர் பஸ்ஸுக்கு நேரமாகுது என்று இருப்பார்கள். அவர்களையும் கண் இருட்டி இருந்தவரையும் ஒரே பெட்டிக்குள் போட முடியாது. திரும்ப எழுப்பி அளப்பதாக இருந்தால் அதற்கு வேறு கட்டம், முதல் முயற்சியின் கட்டத்தில் கை வைக்கவேண்டாம். படிவத்தில் இதற்கெல்லாம் இடம் இல்லையென்றால் குற்றம் பிள்ளைகளுடையதல்ல, படிவம் போட்ட பெரியவர்களுடையது.

கையைத் தொங்கவிடுவது

படுத்திருக்கும்போது கை இதயத்தின் மட்டத்தில் இருக்கும். நிற்கும்போது பக்கத்தில் தொங்கும். பட்டி இதயத்துக்குக் கீழே ஒரு சென்ரிமீற்றர் இறங்கினால் அளவு ஏறக்குறைய 0.8 கூடும். பத்து சென்ரிமீற்றர் என்றால் 8. 24 விழுந்தவர் 16ஆகத் தெரிவார், ஆய்வுக்கு வெளியே போய்விடுவார். மேசையோ உங்கள் கையோ, ஏதாவது ஒன்றில் தாங்குங்கள்.

கட்டில் இல்லை என்று கதிரையில் தொடங்குவது

தொடங்கலாம். ஆனால் இருந்து எழும்பினால் விழுவது குறைவு, 20/10 அதற்குப் பொருந்தாது. 15/7 என்ற எல்லையைப் பாவிப்பவர்கள் உண்டு. எதுவென்றாலும் முதலே எழுதிவையுங்கள், பாதிப் பேரைக் கட்டிலிலும் பாதிப் பேரைக் கதிரையிலும் அளக்காதீர்கள்.

சாப்பாடு, விரதம், தண்ணீர்ப் போத்தல்

வெறும் வயிற்றில் சீனி பார்க்க வந்து வரிசையில் வாடியவர், வெள்ளிக்கிழமை விரதக்காரர், கன்ரீனில் இடியப்பம் சாப்பிட்டுவிட்டு வந்தவர் மூவரும் ஒன்றல்ல. சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்துக்குள் அமுக்கம் விழுவது தனி நோய்க்குறி. சித்திரை வெயிலில் சைக்கிளில் வந்தவர் கதை வேறு. இதயத்தையும் குழாய்களையும் தானாக இயக்கும் தன்னியக்க நரம்பு பழுதானவருக்கு அரை லீற்றர் தண்ணீரே சில நிமிடத்தில் பிரஷரை ஏற்றிவிடும். "பாவம், வாடிப்போனார்" என்று மகள் நீட்டும் போத்தலையும் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்.

குளிசைப் பட்டியலில் "பிரஷர் குளிசை" என்று மட்டும் எழுதுவது

எது? அதோடு, "சலம் போறதுக்கு ஒரு குளிசை" என்று முதியவர் சொல்வதையும் கேளுங்கள். புறஸ்ரேற்றுக்குக் கொடுக்கும் அல்ஃபா தடுப்பான்கள் இந்த வீழ்ச்சிக்குப் பேர்போனவை.

நாடித்துடிப்பை எழுதாதது

கருவி காட்டுகிறதை எழுத என்ன கஷ்டம்? மேல் அமுக்கம் 30 விழுந்தும் துடிப்பு 15கூடக் கூடவில்லையென்றால் அந்தத் தன்னியக்க நரம்புப் பழுதைச் சந்தேகிக்கவேண்டும். துடிப்பைக் கூடவிடாத பீற்றா தடுப்பான் குளிசை எடுப்பவரிடம் இந்தக் கணக்கு செல்லாது.

தலைச்சுற்று இல்லை என்றால் அளக்காமல் விடுவது

அளந்து பாருங்கள். அமுக்கம் விழுந்தும் பலருக்கு ஒன்றும் தெரியாது.

படுத்திருக்கவே பிரஷர் கூடினவருக்கும் அதே 20

அவர்களுக்கு 20ஐ விட 30 என்ற எல்லை பொருத்தமாக இருக்கலாம் என்று வரைவிலக்கணத்தைப் புதுப்பித்த 2011 அறிக்கையே சொல்கிறது. இரண்டு எல்லையிலும் கணக்குப் பார்த்து, இரண்டையும் அட்டவணையில் போடுங்கள்.