விலாங்கின் வம்சத்தை மைட்டோகாண்ட்ரியாவில் தேடும்போது நேரும் தவறுகள்

ஐஸ்லாந்தில் பிடித்த ஒரு விலாங்கின் செல்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவைப் படித்தால் ஐரோப்பிய விலாங்கு என்று வருகிறது. அப்படியே எழுதிவிடலாமா? கூடாது. அந்த டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டும் வருவது. தந்தை அமெரிக்க விலாங்காக இருந்தாலும் அதற்கான தடயம் எதுவும் அதில் இருக்காது. இரண்டு இனங்களும் சர்காசோ கடலில்தான் முட்டையிடுகின்றன. அங்கே பிறக்கும் கலப்பின மீன்கள் முக்கியமாக ஐஸ்லாந்தில்தான் கண்டறியப்பட்டுள்ளன.

1990இல் மரபியலாளர் ஜான் அவைஸும் அவரது சகாக்களும் இந்தக் கலப்பை ஆராய்ந்தபோது, மைட்டோகாண்ட்ரியாவோடு நிறுத்திக்கொள்ளவில்லை. உட்கரு மரபணுக்களிலிருந்து உருவாகும் நொதிகளைச் சோதித்தார்கள். முதுகெலும்புக் கணுக்களையும் எண்ணினார்கள். அமெரிக்க விலாங்குக்குச் சராசரியாக 107 கணுக்கள், ஐரோப்பிய விலாங்குக்கு 114 அளவில் இருக்கும். கணுக்கள் ஒன்றைச் சொல்ல, மைட்டோகாண்ட்ரியா வேறொன்றைச் சொன்ன மீன்கள்தான் கலப்பைக் காட்டிக்கொடுத்தன. இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்திருந்தால் இந்த முரண் தெரிந்திருக்காது. இந்தத் துறையின் மிகப் பெரிய தவறும் இதுதான்: தாய்வழியின் வம்ச மரத்தை இனங்களின் வம்ச மரம் என்று எடுத்துக்கொள்வது.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, “மைட்டோகாண்ட்ரியாவின் 37 மரபணுக்களையும் படித்துவிட்டேன், எல்லாம் ஒரே முடிவைத்தான் காட்டுகின்றன” என்று நிம்மதி அடைவது. 13 புரத மரபணுக்கள், புரதம் தயாரிக்க உதவும் 22 டிஆர்என்ஏ, 2 ஆர்ஆர்என்ஏ மரபணுக்கள், எல்லாம் ஒரே வளையத்தில் ஒட்டிக்கொண்டு தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தே போகின்றன. ஒரே வீட்டு ஆட்கள் 37 பேர் வந்து சாட்சி சொன்ன கதைதான் இது. முழு வளையத்தையும் படிப்பது வீண் என்று சொல்லவில்லை. 2001இல் 16எஸ், சைட்டோகுரோம் பி என்ற இரண்டு மைட்டோகாண்ட்ரியா மரபணுத் துண்டுகளை வைத்து, நன்னீர் விலாங்குகள் அடங்கிய அங்குவில்லா பேரினத்துக்கு மரம் போட்டபோது, முதலில் பிரிந்த கிளையாக போர்னியோ விலாங்கு வந்தது. 2005இல் முழு மைட்டோகாண்ட்ரியா மரபணுத்தொகுதியை வைத்துப் போட்டபோது அந்த இடத்துக்கு ஆப்பிரிக்காவின் மொசாம்பிகா என்ற விலாங்கு இனம் வந்துவிட்டது. அதிக நீளத் தரவு தற்செயல் பிழையைக் குறைக்கும். ஆனால் அது தாய்வழிக் கதை என்ற வரம்பு அப்படியேதான் இருக்கும். அதைத் தாண்ட உட்கரு மரபணுக்கள் வேண்டும்.

சரி, மொசாம்பிகா முதலில் பிரிந்தது என்றே வைத்துக்கொள்வோம். உடனே “விலாங்கு ஆப்பிரிக்காவில் தோன்றியது” என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். முதலில் பிரிந்த கிளை மூதாதை ஆகாது. அதன் சகோதரக் கிளைக்கு எவ்வளவு வயதோ அதே வயதுதான் இதற்கும். இன்று அது வாழும் இடம் அன்றைய தாயகமாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பலாவ் தீவின் கடலடிக் குகையில் கிடைத்து 2011இல் அறிவிக்கப்பட்ட புரோட்டாங்குவில்லா என்ற விலாங்கை ‘வாழும் புதைபடிவம்’ என்று செய்திகள் கொண்டாடின. அதன் மைட்டோகாண்ட்ரியா, மற்ற எல்லா விலாங்குகளுக்கும் வெளியே அதை வைத்தது உண்மை. அதற்காக அதை மற்ற விலாங்குகளின் கொள்ளுத்தாத்தாவாக்கிவிடக் கூடாது.

ஒப்பீட்டுக்காக மரத்துக்கு வெளியே எந்த மீனை வைக்கிறோம் என்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். பாம்பு போல நீண்டிருந்தால் போதும் என்று ஆரல், சதுப்பு விலாங்கு, மின்சார விலாங்கு ஆகியவற்றைச் சேர்ப்பது தவறு. இவை எதுவும் உண்மையான விலாங்குக் குடும்பத்தில் சேராது. விலாங்குக் குடும்பங்கள் எல்லாம் அடங்கிய விலாங்கு வரிசை முழுவதையும் ஆராய்வதென்றால், இலை போன்ற கண்ணாடிக் குஞ்சுப் பருவத்தைப் பகிர்ந்துகொள்ளும் டார்பன், போன்ஃபிஷ் என்ற கடல்மீன்கள்தான் பொருத்தம். அங்குவில்லாவை மட்டும் ஆராய்வதானால் இன்னும் நெருக்கமான உறவு வேண்டும். பார்த்துப் பழகிய கடல் விலாங்குகளான காங்கரையோ மொரேயையோ எடுக்கத் தோன்றும். ஆனால் 56 இனங்களின் முழு மைட்டோகாண்ட்ரியாவை ஒப்பிட்டு 2010இல் வந்த ஆய்வில், நன்னீர் விலாங்கின் நெருங்கிய சொந்தங்கள் ஆழ்கடலின் நடுநீரில் திரியும் ஸ்னைப் விலாங்கு, ரம்பப்பல் விலாங்கு, கல்பர் விலாங்கு வகைகள் என்று தெரிந்தது.

அந்த ஆழ்கடல் சொந்தங்களைச் சேர்க்கப் போனால் ஆய்வகத்தில் ஒரு சிக்கல் வரும். அங்குவில்லாவின் மைட்டோகாண்ட்ரியா வளையத்தில் மரபணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் வரிசை, முதுகெலும்பிகளில் வழக்கமாக இருப்பதுதான். காங்கரில் என்டி6 என்ற புரத மரபணு இடம் மாறி இருக்கிறது. கல்பர் விலாங்குகளில் வரிசையே பெரிய அளவில் கலைந்து கிடக்கிறது. வழக்கமான வரிசையை நம்பி வடிவமைத்த பிரைமர்களால் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டுகள்) டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் ஓடவில்லையென்றால் மாதிரியைக் குறை சொல்ல வேண்டாம்.

புரத மரபணுவை அமினோ அமிலமாக மாற்றும்போது மென்பொருளில் முதுகெலும்பி மைட்டோகாண்ட்ரியாவுக்கான மரபுக் குறியீட்டு அட்டவணையைத்தான் தேர்வு செய்ய வேண்டும். பொது அட்டவணையில் நிறுத்தக் குறியீடான யுஜிஏ என்ற மூன்றெழுத்து, இங்கே டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம். மாறாக ஏஜிஏவும் ஏஜிஜியும் இங்கே நிறுத்தக் குறியீடுகள். சரியான அட்டவணையிலும் நடுவே நிறுத்தம் வந்தால், நீங்கள் படித்தது உட்கருவுக்குள் குடியேறிய பழைய மைட்டோகாண்ட்ரியா நகலாக இருக்கலாம். அதை மரத்தில் சேர்த்தால் எங்கோ ஒரு விசித்திரக் கிளை முளைக்கும்.

எந்தத் துண்டை எடுப்பது என்பது கேள்வியைப் பொறுத்தது. மைட்டோகாண்ட்ரியா வளையத்தில் எந்தப் புரதத்துக்கும் குறியீடு தராத கட்டுப்பாட்டுப் பகுதி வேகமாக மாறுவது. ஒரே இனத்துக்குள் பார்க்க அது நல்லது, குடும்பங்களுக்கு இடையில் அதை வைத்தால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். பழைய பிரிவுகளைத் தேடும்போது புரத மரபணுக்களின் மூன்றெழுத்துக் குறியீடுகளில் மூன்றாம் இடமும் இதே மாதிரி மாறி மாறித் தேய்ந்துபோயிருக்கும். என்டி6 டிஎன்ஏவின் மறு இழையில் இருப்பதால் அதன் எழுத்து விகிதமே வேறு. அதனால்தான் பலர் அதை விட்டுவிட்டு மற்ற 12 புரத மரபணுக்களை மட்டும் எடுக்கிறார்கள்.

காலக் கணக்குக்கு வந்தால், “10 லட்சம் ஆண்டுக்கு 2 சதவீதம்” என்ற டிஎன்ஏ மாற்ற விகிதத்தை அப்படியே போடுவது இன்னும் ஓயவில்லை. அது பாலூட்டிகளை வைத்துப் போட்ட கணக்கு, மீனுக்கு அளவெடுத்தது இல்லை. புதைபடிவத்தை வைத்துக் கணக்கிட்டாலும் மரத்தின் எந்தக் கிளைப்பிரிவில் பொருத்துகிறோம் என்று பார்க்க வேண்டும். லெபனானில் கிடைத்த கிரெட்டேசியஸ் காலப் புதைபடிவங்கள் விலாங்கு வரிசைக்குச் சொந்தமானவை, அங்குவில்லாவின் வேருக்கு அல்ல.

கடைசியாக, மீன் எங்கிருந்து வந்தது? ஆசியச் சந்தையில் வாங்கியது ஆசிய விலாங்கு என்று எழுதிவிடாதீர்கள். ஐரோப்பியக் குஞ்சுகள் கிழக்காசியப் பண்ணைகளில் வளர்ந்து விற்பனைக்கு வந்த வரலாறு நீளமானது. நம் பக்கத்து விலாங்கு இனங்களான பெங்காலென்சிஸும் மார்மொரேட்டாவும் புள்ளித் தோலால் குழப்புபவை. லூசோனென்சிஸ் என்ற இனம் 2009இல்தான் பெயர் பெற்றது. ஆகவே டிஎன்ஏ தரவுகளின் பொதுக் களஞ்சியமான ஜென்பேங்கில் உள்ள பெயரை மட்டும் நம்பாமல், அந்த மீனின் உடல் ஏதாவது அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கிறதா, பிடித்த இடம் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தரவை இறக்குங்கள்.