ரெண்டருக்கு விலை போட முதல் பேப்பரைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் அரச வேலைக்கு ரெண்டர் போடுகிற சின்னக் கொந்தராத்துக்காரர் பலர் விலையில் தோற்பதில்லை, பேப்பரில்தான் தோற்கிறார்கள். நானும் அப்படித்தான். முதல் முறை ஒரு வாய்க்கால் வேலைக்குப் போட்டபோது, என் விலைதான் ஆகக் குறைவு என்று எல்லோர் முன்னாலும் வாசித்தார்கள், பக்கத்துக் கதிரைக்காரர் கையும் தந்தார். ஒரு கிழமை கழித்துத்தான் தெரிந்தது, என் பொண்ட், அதாவது விலைமனுவோடு வைக்கிற வங்கிப் பிணை, பத்து நாள் குறைவு.

நான் விட்ட பிழை இதுதான். அந்த ரெண்டரில் விலைமனு 91 நாள் செல்லுபடியாக இருக்க வேண்டும், பொண்ட் அதற்கு மேல் இன்னும் 28 நாள், ஆகமொத்தம் 119. நான் பொண்ட் எடுத்த நாளில் இருந்து எண்ணினேன், எண்ண வேண்டியது ரெண்டர் மூடும் நாளில் இருந்து. ஆவணத்தில் முடிவுத் திகதியே போட்டிருந்தால் அதை அப்படியே எழுதச் சொல்லுங்கள், மூடும் நாளைத் தள்ளிப்போட்டால் திரும்பவும் கணக்குப் பாருங்கள். வாசகமும் ரெண்டர் ஆவணத்தில் உள்ள மாதிரியேதான் இருக்க வேண்டும், வங்கி வைத்திருக்கிற சொந்தப் போம் வேண்டாம்.

அப்புறம் பெயர். எங்கள் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு இடத்தில் 'எச்' வரும், இன்னொரு இடத்தில் வராது. பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பதிவு, வங்கிக் கணக்கு, பொண்ட், கொந்தராத்துக்காரரைப் பதிந்து தரம் பிரிக்கிற சீடாவின் சான்றிதழ் எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். சிரிக்க வேண்டாம், அரை மணித்தியால வேலைதான்.

சீடா என்பது நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை, பழைய இக்டாட், 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தோடு பெயர் மாறியது. ஆகக் கீழே சி9, அங்கிருந்து சி1 வரை ஏறி, அதற்கு மேல் சிஎஸ்1, சிஎஸ்2. ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு பண எல்லை உண்டு. தரம் மட்டும் போதாது, துறையும் பொருந்த வேண்டும்: கட்டடத்துக்குப் பதிந்தவர் வீதி வேலைக்குப் போட்டால் தள்ளிவிடுவார்கள். ரெண்டர் மூடும் நாளில் சான்றிதழ் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள், புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன் என்ற கதை எடுபடாது.

வேலை 50 இலட்சம் ரூபாவுக்கு மேல் என்றால் 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பொது ஒப்பந்தச் சட்டப்படி கம்பனிப் பதிவாளரிடம் பதிந்து பிசிஏ 3 படிவம் இணைக்க வேண்டும். அது அந்த ரெண்டருக்கு மட்டும்தான், போன வருடத்தையதைச் செருகாதீர்கள்.

சரி, வேலை கிடைத்துவிட்டது. ஏற்புக் கடிதம் வந்த பிறகு, அதில் சொன்ன நாட்களுக்குள், பெரும்பாலும் 14 நாளுக்குள், செயலாற்றுப் பிணை, அதாவது வேலையைச் சரியாகச் செய்து முடிப்பீர்கள் என்பதற்கான உத்தரவாதம், கொடுக்க வேண்டும், வழமையாக ஒப்பந்த விலையில் 5 வீதம். வேலை தொடங்க முதல் காப்புறுதி. வேலைக்கும் பொருட்களுக்கும் ஒன்று, வீதியால் போகிறவருக்கோ பக்கத்து மதிலுக்கோ சேதம் வந்தால் ஒன்று, வேலையாட்களுக்கு ஒன்று. மேசன்மார் நாட்கூலிதானே என்று கடைசியைத் தட்டிக்கழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சாரத்தில் இருந்து ஒருவர் விழுந்தால் காப்புறுதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நட்டஈடு உங்கள் தலையில்தான், அந்தச் சட்டம் 1934இலிருந்தே இருக்கிறது. நீங்கள் எடுக்காவிட்டால் திணைக்களம் தானே எடுத்துவிட்டு, கட்டிய காசை உங்கள் பில்லில் வெட்டலாம்.

எங்கள் பக்கத்தில் ஆகப் பெரிய ஓட்டை இது. வருடக் கடைசிக்குள் காசைச் செலவழிக்க வேண்டும் என்பதால் வேலைகள் ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் போய் விழும், காலநீடிப்புக் கேட்போம், தருவார்கள். காப்புறுதி ஆனால் பழைய திகதியிலேயே முடிந்திருக்கும், தோண்டிய கிடங்குக்குள் வெள்ளம் வந்து நிற்கும்போதுதான் ஞாபகம் வரும். ஆகவே நீடிப்புக் கேட்டு எழுதுகிற அன்றே காப்புறுதிக்காரருக்கும் ஒரு போன் அடியுங்கள், செயலாற்றுப் பிணையின் திகதியையும் கூடவே பாருங்கள்.