பழைய தேக்கு ஜன்னலைக் கொல்லைப்புற ஷெட்டில் வைப்பது எப்படி

முதலில் ஜன்னலை வாங்குங்கள், அப்புறம் சுவரை எழுப்புங்கள். பழைய ஜன்னல் எதுவும் இன்றைய கடை அளவில் இருக்காது, அந்தக் காலத்து ஆசாரி வைத்ததுதான் அளவு. நான் சுவரில் வழி விட்டுவிட்டு அதற்குப் பொருந்துகிற ஜன்னலைத் தேடி பெங்களூரு முழுக்க ஒரு மாதம் அலைந்தேன், கடைசியில் கட்டின சுவரில் இரண்டு வரிசை கல்லை இடித்துத்தான் வைக்க முடிந்தது.

பசவனகுடி, மல்லேஸ்வரம், அல்சூர் பக்கம் பழைய வீடு இடிபடுவதைப் பார்த்தால் அங்கேயே மேஸ்திரியிடம் பேசிவிடுங்கள். ஜன்னல் கதவை மட்டும் வாங்காதீர்கள், நிலையோடு சேர்த்துக் கேளுங்கள். நிலையின் மூலைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புகளை அறுக்க விடாதீர்கள், சுவரைப் பிடித்து நிற்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

வாங்குமுன் ஸ்க்ரூடிரைவரால் நிலையின் அடிக்கட்டையைக் குத்திப் பாருங்கள். மழைநீர் தங்குவது அங்கேதான், உளுத்துப்போவதும் முதலில் அங்கேதான். முனை உள்ளே இறங்கினால் வேண்டாம். குண்டூசி அளவு ஓட்டைகளிலிருந்து மாவு மாதிரி தூள் உதிர்ந்தால் உள்ளே வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

பெயிண்டைச் சுரண்டுவதில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதனால் பழைய பெயிண்ட் எல்லாவற்றிலும் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த உப்புத்தாள் போடாதீர்கள், நெருப்பு வைத்துக் கருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரத்தோடு தேய்க்க வேண்டும், கீழே பிளாஸ்டிக் விரிப்பு, முகத்தில் நல்ல மாஸ்க். குழந்தைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது.

சுவரைத் தொடும் பக்கங்களுக்குத் தார் பூசுங்கள், கரையானுக்கும் ஈரத்துக்கும் அது தடை.

என் ஷெட் 6 அங்குல ஹாலோ பிளாக் சுவர். வழியை நிலையைவிட இரண்டு பக்கமும் 10 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டேன், மேலே லிண்டல் இரண்டு பக்கமும் 6 அங்குலம் சுவரில் உட்கார வேண்டும். ஹோல்ட் பாஸ்டை, அதாவது நிலையைச் சுவரோடு பிடித்து நிறுத்தும் இரும்புப் பட்டையை, வெறும் பிளாக்கில் செருகினால் நிற்காது, உள்ளே பொந்துதானே. அது வரும் இடத்துப் பொந்துகளில் 1:2:4 கலவையை (சிமெண்ட் ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நான்கு) அரை இன்ச் ஜல்லி போட்டு நிரப்ப வேண்டும்.

நிலையைத் தூக்குமுன் கதவுகளைக் கழற்றி, குறுக்கே மூலைக்கு மூலை ஒரு ரீப்பரை (மெல்லிய மரச்சட்டத்தை) ஆணி அடித்து இறுக்குங்கள், இல்லையென்றால் கோணும். நிறுத்தி, ஆப்பு வைத்து, தூக்குக்குண்டும் ரசமட்டமும் பார்த்து, இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவா என்று டேப்பால் அளந்து, கதவை ஒருமுறை மாட்டி மூடிப் பார்த்த பிறகே கலவை போடுங்கள். எனக்கு இதில் அரை நாள் போனது, ஆனால் இன்றுவரை கதவு எங்கும் உரசவில்லை. அப்புறம் ஒரு வாரம் தண்ணீர் ஊற்றுங்கள், அதுவரை ரீப்பரை எடுக்காதீர்கள்.

கோடையில் வேலை செய்தால் மரம் காய்ந்து சுருங்கியிருக்கும், மழைக்காலத்தில் ஊதும். கதவைச் சுற்றி 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள், இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கினால் வருகிற கனம்.

கீழ்த்திண்டு வெளிப்பக்கம் சரிய வேண்டும், 6 அங்குலத்துக்கு அரை அங்குலம். சுவரைவிட 2 அங்குலம் வெளியே நீட்டி, அடியில் ஒரு காடி (நீளப் பள்ளம்) இழுத்துவிட்டால் தண்ணீர் சுவரில் வழியாமல் அங்கேயே சொட்டிவிடும். மேலே சன்ஷேட் கட்டாயம், இங்கே செப்டம்பர், அக்டோபரில் கொட்டுகிற மழைக்கு அது இல்லாமல் தாங்காது. இந்த ஊர்ப் பழைய பங்களாக்களில் ஜன்னலுக்கு மேல் கூம்பாக மரக் கூரை வைத்திருப்பார்களே, மங்கி டாப் என்பார்கள், அழகுக்கு மட்டும் வைத்ததில்லை அது.

நிலைக்கும் பூச்சுக்கும் நடுவில் சிலிக்கான், கண்ணாடியைச் சுற்றிப் புதுப் புட்டி, மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு. பித்தளைக் கொண்டிகளை மட்டும் மாற்றாதீர்கள், புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று வந்துவிடும்.