பிளாட் வீட்டில் கார்த்திகை விளக்கு ஏற்றுவது எப்படி

பினாங்கில் குளிர்காலமும் இல்லை, கணப்பு அடுப்பும் இல்லை. ஆனால் தீபாவளி தொடங்கி கார்த்திகை தீபம் முடியும்வரை நம் வீடுகளில் நெருப்பு எரியாத நாள் குறைவு. தரை வீட்டுக்காரர்கள் வாசலில் வரிசையாக அகல் வைத்துவிடுவார்கள். ஆயர் ஈத்தாம், கெலுகோர் பக்கம் பிளாட்டில் இருக்கும் நமக்கு வாசலில் இரும்பு கிரில், பக்கத்திலேயே செருப்பு அலமாரி, ஹாலில் திரைச்சீலை, தலைக்கு மேல் மின்விசிறி. அதனால் என் வீட்டில் நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன்.

முதல் வேலை கிரில் சாவி. விளக்கு எரியும் நேரத்தில் பூட்டுப் போடாதீர்கள், தாழ்ப்பாள் போதும். பூட்டியே ஆகவேண்டும் என்றால் சாவி கதவுக்கு உள்பக்கம், வெளியிலிருந்து கை எட்டாத ஆணியில் தொங்கட்டும். பாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் இடம் தெரிய வேண்டும். கடல் காற்றில் பூட்டு துருப்பிடிக்கும், இன்றைக்கே ஒருமுறை திறந்து பாருங்கள்.

அடுத்து இடம். பொது நடைபாதை எல்லாருக்கும் தப்பிக்கும் வழி, அங்கே வேண்டாம். கிரிலுக்கு உள்ளே, கதவை மறிக்காமல் ஓரமாக ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தில் மணல் பரப்பி வையுங்கள். புது அகலைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டால் எண்ணெய் கசிவது குறையும். செருப்பு அலமாரி மேல் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இப்போது பலரும் சறுக்கும் இடம்: டீலைட் மெழுகுவத்தி. பார்க்க அழகாக இருக்கிறதென்று கோலம் மாதிரி நெருக்கி அடுக்குகிறோம். மெல்லிய அலுமினியக் கிண்ணத்தில் மெழுகு முழுவதும் உருகி நிற்கும். பக்கத்துச் சுடர்களின் சூடும் சேர்ந்தால் திரியோடு நிற்காமல் மெழுகின் மேற்பரப்பு முழுவதுமே பற்றிக்கொள்ளும், சுடர் திடீரென்று உயரும். பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றினால் அது அந்தச் சூட்டில் சட்டென்று ஆவியாகி, எரியும் மெழுகை மேலே தூக்கி அடிக்கும். எண்ணெய்த் தீயும் அப்படித்தான். ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளி விடுங்கள், பிடி வைத்த பெரிய சட்டி மூடி ஒன்றைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள். மூடினால் காற்று இல்லாமல் தானாக அணையும். சூடு ஆறும்வரை மூடியைத் திறக்காதீர்கள்.

என்னைக் கேட்டால் டீலைட்டைவிட நல்லெண்ணெய் அகல்தான் வைப்பேன், சுடர் சின்னதாக நிதானமாக எரியும். தீயணைப்புப் போர்வை ஒன்றும் ஏபிசி பவுடர் தீயணைப்பு சிலிண்டர் ஒன்றும் வீட்டில் இருக்கட்டும். சிலிண்டர் முள் பச்சையில் நிற்கிறதா பாருங்கள்.

ஏற்றும்போது மின்விசிறியை நிறுத்தி, திரைச்சீலையை முடிச்சுப் போட்டுத் தூக்கிவிடுங்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், துப்பட்டாவைக் கழற்றிவிடலாம். எரிகிற விளக்கில் எண்ணெய் ஊற்றக்கூடாது, கற்பூர டப்பா பக்கத்தில் இருக்கக்கூடாது. அணைக்கும்போது வாயால் ஊதினால் சூடான எண்ணெய் தெறிக்கும், ஒரு குச்சியால் திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிடுங்கள். தூங்கப் போகுமுன் எல்லாம் அணைந்திருக்க வேண்டும்.

பின்சேர்க்கை: மேலே உள்ளதைப் படித்தவர்கள் சிலர் கேட்டதால் இதையும் சேர்க்கிறேன். சாமி மேடையில் விடிய விடிய விளக்கு வேண்டுமென்றால் பேட்டரி விளக்கு வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. கரண்ட் போனால் டார்ச். சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், பற்பசை பூசாதீர்கள். தீ மூடிக்கு அடங்கவில்லையா, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, லிஃப்டை விட்டுப் படியில் இறங்குங்கள். அப்புறம் 999 அழைத்து, பொம்பாவுக்கு (தீயணைப்புப் படைக்கு) புளோக், மாடி, வீட்டு எண் மூன்றையும் சொல்லுங்கள்.