சென்னை – லண்டன்: விமான தூரத்தையும் நேரத்தையும் நீங்களே கணக்கிடுவது எப்படி?

காலை 5.30-க்குச் சென்னையில் கிளம்பி 10.35-க்கு லண்டன் போய்ச் சேரும் என்று ஜனவரி மாத டிக்கெட்டில் போட்டிருந்தால், முதல்முறை பறப்பவர்கள் "அஞ்சு மணி நேரம்தானா?" என்று கேட்பார்கள். அஞ்சு இல்லை, பத்தரைக்கும் மேல். எப்படி என்று போன் கால்குலேட்டரை வைத்தே பார்த்துவிடலாம்.

படி 1: தூரம்

சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். உருண்டையைத் தட்டையாக்கியதில் வடக்கே போகப் போக எல்லாம் இழுபட்டிருக்கும். பிள்ளைகளின் குளோப் வீட்டில் இருந்தால் அதை எடுங்கள். சென்னையில் நூலின் ஒரு முனையை விரலால் அழுத்தி, மறுமுனையை லண்டன் வரை விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். 30 செ.மீ. விட்டமுள்ள குளோப் என்றால் ஒரு செ.மீ. சுமார் 425 கி.மீ. நூல் 19.4 செ.மீ. அளவுக்கு வரும், பெருக்கினால் கிட்டத்தட்ட 8,230 கி.மீ.

குளோப் இல்லாவிட்டால் கிரேட் சர்க்கிள் மேப்பர் தளத்தில் எம்ஏஏ (சென்னை), எல்ஹெச்ஆர் (லண்டன் ஹீத்ரோ) என்ற இரண்டு விமான நிலையக் குறியீடுகளை ஆங்கிலத்தில், நடுவில் சிறு கோடு போட்டு, MAA-LHR என்று அடியுங்கள். விடை மைலில் வந்தால் 1.609-ஆல் பெருக்குங்கள், கடல் மைல் என்றால் 1.852. இரண்டையும் மாற்றிப் போட்டால் ஆயிரம் கி.மீ.க்கு மேல் பிசகும்.

படி 2: நேரம்

விமானம் அந்தக் கோட்டிலேயே போகாது. வான்தடங்கள், மூடிய வான்பரப்பு என்று சுற்றும். 4 சதவீதம் கூட்டுங்கள்: 8,560 கி.மீ.

பெரிய ஜெட்டின் வேகம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று போகும்போது எதிர்க்கும், வரும்போது தள்ளிவிடும். போவதற்கு 850, வருவதற்கு 940 என்று வையுங்கள். ஏறி இறங்குவதற்கு அரை மணி தனி.

போக: 8,560 ÷ 850 = 10.07. இங்கேதான் பலர் சறுக்குவார்கள். இது 10 மணி 7 நிமிடம் இல்லை. புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 60-ஆல் பெருக்க வேண்டும், அதாவது 4 நிமிடம். அரை மணியைச் சேர்த்தால் 10 மணி 34 நிமிடம். திரும்பி வர சுமார் 9 மணி 36 நிமிடம். ஓடுபாதைக்கு வரிசையில் நிற்கும் நேரம் இதில் சேராது.

படி 3: கடிகாரம்

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை. 10.35-உடன் ஐந்தரையைக் கூட்டினால் நம்மூரில் மாலை 4.05. அதில் 5.30-ஐக் கழித்தால் 10 மணி 35 நிமிடம். கணக்கு ஒத்துவருகிறதா?

துபாய் வழியாகப் போனால்?

2,930 + 5,500, மொத்தம் 8,430 கி.மீ. கூடுவது வெறும் 200 கி.மீ.தான். நேரத்தைத் தின்பது இன்னொரு அரை மணி ஏற்ற இறக்கமும், அங்கே காத்திருப்பதும். டிக்கெட் விலையோடு காத்திருக்கும் நேரத்தையும் பாருங்கள்.

வீட்டிலிருந்து மீனம்பாக்கம்

விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு நீல வழித்தட மெட்ரோ மாறாமலே விமான நிலையம் வரை போகும். ஆனால் 5.30 விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே, 2.30-க்கு, அங்கே இருக்க வேண்டும். அந்நேரம் மெட்ரோ கிடையாது. வண்டியை முதல்நாளே சொல்லிவையுங்கள். துறைமுகப் பக்கம் கன்டெய்னர் லாரிகள் நிற்கும் என்பதால் ஒரு மணிக்கே கிளம்பிவிடுவது நல்லது.