புது கன்ட்ரோலர் மாற்றியதும் லைட், ஃபேன் எதுவும் கேட்கவில்லையா?

வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளை ராஸ்ப்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியிலிருந்து மினி பிசிக்கு மாற்றி, பேக்கப்பை ரீஸ்டோர் செய்த பிறகு சாதனங்கள் எல்லாம் 'அன்அவைலபிள்' என்று காட்டினால், தயவுசெய்து எதையும் டெலீட் செய்து மறுபடி இணைக்க (பேரிங் செய்ய) உட்காராதீர்கள். பெரும்பாலும் சிக்கல் ஐபி முகவரியில்தான். ரவுட்டர் பழைய ஐபியை பழைய பெட்டியின் மேக் அட்ரஸுக்குத்தான் (அதன் நெட்வொர்க் அடையாள எண்) ஒதுக்கி வைத்திருக்கும். புதுப் பெட்டிக்கு வேறு ஐபி வந்திருக்கும். எம்க்யூடிடி என்ற செய்தி முறை வழியாகப் பேசும் வைஃபை ஸ்விட்சுகளோ பழைய ஐபியையே தேடிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் (சாதனத்துக்கு நிலையான ஐபி ஒதுக்கும்) பகுதிக்குப் போய், அதே பழைய ஐபியைப் புது மேக் அட்ரஸுக்கு மாற்றிக் கொடுத்து, புதுப் பெட்டியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பழைய ராஸ்ப்பெர்ரி பை ஆஃபில் இருக்கட்டும்.

வைஃபை சாதனங்கள் வந்து, ஜிக்பீ (வைஃபை இல்லாத இன்னொரு வயர்லெஸ் முறை) சாதனங்கள் மட்டும் வரவில்லையா? அவற்றோடு பேச யுஎஸ்பியில் செருகும் டாங்கிளின் போர்ட் பெயர் மாறியிருக்கலாம். ஹோம் அசிஸ்டன்ட் செட்டிங்ஸில் சிஸ்டம், அப்புறம் ஹார்ட்வேர் போனால் புதுப் பெயர் தெரியும். ஜிக்பீ அமைப்பில் வரிசை எண்ணோடு வரும் நீளமான பெயரையே கொடுங்கள், அது போர்ட் மாற்றிச் செருகினாலும் மாறாது. அதே டாங்கிள் என்றால் பேரிங் அப்படியே இருக்கும்.

இன்னொன்று, டாங்கிளை நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டில் நேரடியாகச் செருகாதீர்கள். அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலைக் கெடுக்கும். ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுத் தள்ளி வையுங்கள்.